வஞ்சமும் ஊராண்மையும்

சட்டம் ஒரு செயலை ஏற்றுக்கொண்ட பின்னரும் சொல் அதனை எளிதில் மன்னிப்பதில்லை. கிரிக்கெட் உலகில் வழங்கும் ‘மன்காட்’ என்னுஞ் சொல்லே இதற்குச் சான்று. 1947 டிசம்பரில், சிட்னி நகரில், பந்து வீசப்படுமுன்னரே கோட்டைவிட்டு முன்னேறிய அவுஸ்திரேலிய வீரர் பில் பிரவுனை இந்தியப் பந்து வீச்சாளர் வினூ மன்காட் ஆட்டமிழக்கச் செய்தார். விதி அதற்கு இடந் தந்தது. எதிரணித் தலைவர் பிரட்மனும் மன்காட் பக்கமே நியாயங் கண்டார். ஆயினும் அவர் பெயர் ஓர் இழிசெயலின் பெயராகி நிலைத்துவிட்டது. அவ்விதியை முறைகேடான ஆட்டம் பற்றிய பகுதியினின்றும் நீக்கி, ‘ரன் அவுட்’ விதியோடு சேர்த்தது 2022 ஒக்டோபரிலேதான்.

2023 நவம்பர் 6ஆந் திகதி, டில்லியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில், நம் அஞ்சலோ மத்தியூஸ் களமிறங்கியதும் அவருடைய தலைக்கவசப் பட்டி அறுந்தது. இரண்டு நிமிடத்துள் அவர் ஆயத்தமாகவில்லையெனப் பங்களாதேஷ் அணியினர் முறையிட, நடுவர்களும் அவ்வாறே தீர்த்தனர். சர்வதேசக் கிரிக்கெட்டில் இவ்வகையில் ஆட்டமிழந்த முதல்வர் அவரே. முறையீட்டை மீளப்பெற அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன் இசையவில்லை. இதனை வெட்கக்கேடு என்றார் மத்தியூஸ். ‘வஞ்சகம்’ என்று அன்று நானும் கொதித்தேன்.

கொதிப்பு ஆறியபின் வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. 2014 ஜூனில், பேர்மிங்ஹாமில், இங்கிலாந்தின் பட்லரை நம் சச்சித்ர சேனாநாயக்க மன்காட் செய்த முறையிலேயே வெளியேற்றினார். முறையீட்டைக் கைவிடுகிறீரா என நடுவர் வினவியபோது, மறுத்த நம் அணித்தலைவர் யார்? அதே மத்தியூஸ்! பட்லர் முன்னரே எச்சரிக்கப்பட்டவர்; கோட்டை விட்டு முன்னேறியதால் அவருக்கு ஆதாயமும் உண்டு. அறுந்த பட்டியால் மத்தியூஸ் அடைந்த ஆதாயம் யாதுமில்லை. ஆதலின் இரண்டும் ஒன்றென நான் கூறேன். எனினும் இரண்டிலும் வஞ்சம் இல்லை. வஞ்சத்துக்கு மறைப்பு வேண்டும். 2018 மார்ச்சில், கேப் டவுனில், அவுஸ்திரேலிய வீரரொருவர் அரத்தாளால் பந்தைத் தேய்த்து, அத்தாளைக் காற்சட்டைக்குள் ஒளித்தாரே, அதுவே வஞ்சம்.

அங்ஙனமாயின் டில்லியிற் குறைந்தது யாது? அதற்குரிய சொல் நம்மிடம் உண்டு. பகைவனிடத்துக் காட்டும் தறுகண்மையைப் பேராண்மை என்ற வள்ளுவர், அவனுக்கொரு தாழ்வு நேர்ந்தவிடத்து உதவுதலை ஊராண்மை என்றார். படையிழந்து தமியனாய் நின்ற இலங்கை வேந்தனை, மறுநாள் படையோடு வருமாறு இராமன் விடுத்ததைப் பரிமேலழகர் இதற்கு எடுத்துக் காட்டினார். 2012 பெப்ரவரியில், பிரிஸ்பேனில், கோட்டைவிட்டு முன்னேறிய நம் திரிமான்னவை அஸ்வின் ஆட்டமிழக்கச் செய்தபோது, இந்திய அணித்தலைவர் சேவாக் முறையீட்டை மீளப்பெற்றார். அஃது ஊராண்மை.

ஊராண்மை கொடை, கடனன்று. கொடுத்தவனைப் போற்றலாம், கொடாதவனைக் கள்வன் என்றல் தகாது. நமக்கு இழப்பு நேர்ந்தால் வஞ்சகம் என்றும், நமக்கு வெற்றி கிட்டினால் விதி என்றும் பேசும் நாவு இச்சொற்களின் எல்லையை அழித்துவிடுகிறது. எல்லை அழிந்தபின், உண்மை வஞ்சகன் வந்து நிற்கும்போது அவனைச் சுட்ட நம்மிடம் எச்சொல் எஞ்சும்? மாணவர்க்கு ஊராண்மை என்னுஞ் சொல்லைப் பொருளெழுதக் கற்பிக்கும் நாம், விளையாட்டுத் திடலிலும் அதனை ஒருமுறை நினைவூட்டல் நன்று.