பெயரைக் கேட்டு எழுதுங்கள்

ஊரிலிருந்து மருமகள் மும்பை வந்து சேர்ந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். படிவத்தை நிரப்புகிறவர் கணவர். பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் இனிஷியலோடு இருந்த பெயரை அடுத்துத் தம் பெயரையும், 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் தம் தகப்பனார் பெயரையும் எழுதிவிடுகிறார். அவளைக் கேட்பதில்லை.

குடும்பப் பெயர் மராட்டியர் வழக்கம். நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், கட்டம் காலியாயிருக்கிறதே என்று மாமனாரை அதில் உட்கார வைக்கிறோம்!

மணமானவள் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாய் பெயரையும் சேர்க்க மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. அப்போதும் மணமான பெண்ணுக்குக் கணவர் பெயர் போடும் பழைய முறையை அது தொடவில்லை.

பள்ளியில் பெயர் வாசித்ததும் எழுந்து நின்ற பெண், இங்கே ஆஸ்பத்திரியில் புதுப் பெயரைக் கூப்பிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். 'விவரம் போதாது' என்று சிரிக்கிறோம். அந்தப் பெயர் அவளுடையதாக இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். நாளை வேலைக்கு மனுப் போட்டால் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். அஃபிடவிட்டுக்கு அலைகிறவளும் அவள்தான்.

விரும்பி மாற்றிக் கொள்கிறவள் மாற்றிக் கொள்ளட்டும். மனு எழுதிக் கொடுக்கும் நம் குமாஸ்தா நண்பர்கள், "என்ன பெயர் போடட்டும், அம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்கலாமே. கணவர் பக்கத்தில் நிற்பார், நிற்கட்டும்.