கலியாணமும் கடனும்

நமது நாட்டில் ஒரு குடும்பத்தான் பத்து வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளையும், இனிப் பத்து வருஷம் சம்பாதிக்கப் போகும் பொருளையும் ஒரே நாளில் தொலைக்க வேண்டுமானால், அதற்குச் சூதாட்டமோ குதிரைப் பந்தயமோ வேண்டியதில்லை; வீட்டில் ஒரு கலியாணம் நடந்தால் போதும். இப்படித் தொலைத்தவனை ஊரார் பைத்தியக்காரன் என்று சொல்லுவதில்லை; "ஜாம்ஜாமென்று செய்தான்" என்று புகழுகின்றார்கள். அந்தப் புகழ் பந்தல் பிரிக்கும் வரையில்தான் நிற்கும். கடன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம்.

கலியாணத்திற்காக 3 லட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுவோம். மாதம் 6,000, வருஷம் 72,000, ஐந்து வருஷத்தில் வட்டி மாத்திரம் 3,60,000 ரூபாய் ஆகின்றது. முதல் அப்படியே இருக்கும். அதற்குள் அந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தை பள்ளிக்கூடத்திற்குப் போகும் வயதை அடைந்துவிடும். அன்று ஊரார் உண்ட பாயசத்திற்கு இன்று அந்தக் குழந்தையின் படிப்பு வட்டி கட்டுகின்றது. இதற்குப் பெயர் மங்கள காரியமா என்று கேட்கின்றோம்.

"மொய் வந்து அடைத்துவிடும்" என்று சிலர் சொல்லக்கூடும். மொய் என்பது வரவல்ல. நோட்டில் பேர் எழுதி வாங்குகிற கடனே ஆகும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்திப் பணம் திரட்டும் வழக்கம் உண்டு. அங்கேயும் வாங்கியவன் திருப்பிச் செய்தே தீரவேண்டும். ஆகவே மொய்யை வரவுப் பத்தியில் எழுதுகிறவன் தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்ளுகிறான்.

இது நிற்க, ஒரு கலியாணம் செல்லுபடியாவதற்கு உண்மையில் வேண்டியதுதான் என்ன? 1967ல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறி 1968ல் அமுலுக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, உறவினரோ நண்பரோ மற்றவரோ இருக்க, ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றுக்கொள்ளுவதாகத் தமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். 2009ம் வருஷத்துச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆயிரம் இலை போட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே ஒரு ஜோடி மாலைக்கும் பதிவுக் கட்டணத்திற்கும் மேற்பட்டதெல்லாம் நாமாக இஷ்டப்பட்டுச் செய்கிற செலவே தவிர வேறில்லை. இஷ்டப்பட்டுச் செய்வதைச் சக்திக்குட்பட்டுச் செய்தால் என்ன?

அதற்கு வழி கஷ்டமானதல்ல. முதலாவது, செலவுப் பட்டியல் போட்டுவிட்டுப் பணம் தேடுவதை விட்டுவிட்டு, கையிலிருப்பதையும் கலியாணத் தேதிக்குள் மிச்சம் பிடிக்கக் கூடியதையும் கூட்டி, அந்தத் தொகைக்குள் பட்டியல் போடவேண்டும். பெண் வீட்டார் தலையிலேயே முழுச் செலவையும் சுமத்துவது வேறு பெயரில் வாங்கும் வரதட்சணையேயாகும். வரதட்சணையோ 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆதலால் இரு வீட்டாரும் சரிபாதி போடுவதே யோக்கியமான முறையாகும்.

இரண்டாவது, இலைக் கணக்கு. இலை ஒன்றுக்கு 200 ரூபாய் என்று வைத்தால், ஆயிரம் இலைக்கு 2 லட்சம். 150 இலைக்கு 30,000. மண்டபத்தின் அளவு, சமையலாள், பாத்திர வாடகை யாவும் இந்த ஒரு எண்ணைப் பின்பற்றியே ஏறி இறங்குகின்றன. நம் வீட்டுத் துக்கத்திற்கு யார் யார் வந்து நிற்பார்களோ அவர்கள் பெயரை மாத்திரம் எழுதிப் பாருங்கள். எண் தானே குறைந்துவிடும்.

மூன்றாவது, நாள். ஊரெல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரே முகூர்த்தத்தில் விழுவதால்தான் அன்றைக்குப் பூ விலையும் மண்டப வாடகையும் சமையல் கூலியும் ஏறுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ராகு காலமாயிருந்தாலும், வருகிறவர்களுக்குச் சௌகரியமான வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். மூட நம்பிக்கைக்கு உள்ள விலை என்ன என்பது அப்போது ரூபாய்க் கணக்கிலேயே விளங்கும்.

நான்காவது, நகை. செய்கூலி, சேதாரம் என்று கொடுத்த பணம், நகையை விற்கப் போகிற அன்று திரும்பி வருவதில்லை. கடன் வாங்கிப் பெண்ணுக்கு நகை போட்டு, அதே நகையை ஆறாம் மாதம் அடகுக் கடையில் வைத்து அந்தக் கடனைக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்! இதில் பெண் அடைந்த லாபம் என்ன? 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏற்பட்ட திருமண உதவித் திட்டத்தையே 2022ல் சர்க்கார் பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதாக மாற்றிவிட்டது. சர்க்காருக்குத் தெரிந்த இது பெற்றோருக்குத் தெரியவேண்டாமா?

கடைசியாக, நமது தோழர்களுக்கே ஒரு வார்த்தை. புரோகிதரை விலக்கிவிட்டதாலேயே சீர்திருத்தத் திருமணம் செய்துவிட்டதாகச் சிலர் பெருமைப்பட்டுக் கொள்ளுகிறார்கள். ஆனால் புரோகிதர் எழுந்துபோன மணையில் புகைப்படக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம் திரும்புங்கள், மாலையை மறுபடி போடுங்கள்" என்று கட்டளையிடுகிறார். தலைக்கு மேலே ஒரு டிரோன் சுற்றுகின்றது. வாசலில் ஆளுயர பிளக்ஸ் பலகை நிற்கின்றது. தட்சணையில் மிச்சம் பிடித்ததைப்போல் பன்மடங்கு இதில் போய்விட்டது. மந்திரம் போய் ஆடம்பரம் வந்தால், எஜமானன் மாறினானே ஒழிய அடிமைத்தனம் மாறவில்லை.

"நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்கிற பயம்தான் இத்தனைக்கும் வேர். அந்த நாலு பேரில் ஒருவராவது நமது வட்டியில் பங்கு கொடுக்கப் போவதில்லை. ஆகவே கலியாணம் வைத்திருக்கும் தோழர்கள், மணமகனையும் மணமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கணக்கை எழுதுங்கள். கட்டிக்கொண்டு வாழப்போகிறவர்கள் அவர்கள்தானே. கடனில்லாமல் மறுநாள் காலையில் கண் விழிக்கும் தம்பதிகளுக்கு அதைவிடப் பெரிய சீதனம் வேறில்லை என்பதே நமது அபிப்பிராயம்.