இடித்துத் தள்ளிய சாட்சி

ஹிரோஷிமா என்றதும் அந்த எலும்புக்கூடு குவிமாடம் கண் முன் வந்து நிற்கிறது. சரி, நாகசாகி என்றால்? எத்தனை யோசித்தாலும் அப்படி ஒரு கட்டடம் மனதில் வராது. அதற்குக் காரணம் அணுகுண்டு அல்ல, 1958-ல் வந்த கடப்பாரை!

உரக்காமி பங்குக் கோயிலின் கதை அது. 1860-களின் இறுதியில் இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை, விசுவாசத்தை விடச் சொல்லி ஜப்பானிய அரசு நாடு கடத்தியது. அறுநூறு பேருக்கு மேல் திரும்பவே இல்லை. 1873-ல் திரும்பி வந்தவர்கள், தங்களை விசாரித்து அவமானப்படுத்திய ஊர்த்தலைவரின் நிலத்தையே வாங்கினார்கள். 1895-ல் கட்டத் தொடங்கிய கோயில் 1914-ல்தான் முடிந்தது. இரட்டைக் கோபுரங்கள் எழ 1925 ஆகிவிட்டது. ஏழை விவசாயிகள் கட்டிய கோயில், வேறெப்படி இருக்கும்?

1945 ஆகஸ்ட் 9, காலை 11.02. குண்டு வெடித்த புள்ளியிலிருந்து சுமார் 500 மீட்டரில் கோயில். மாதா திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த குருக்களும் மக்களும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பங்கு மக்கள் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் மாண்டார்கள். போட்டது யார்? இன்னொரு கிறிஸ்தவ நாடு!

மிஞ்சிய சுவர்களைக் காக்க வேண்டும் என்று நகரசபை கேட்டது. மேயர் டகாவாவும் முதலில் அதே பக்கம்தான். 1955-ல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரம் நாகசாகிக்குச் சகோதர நகரமானது. மறு வருடம் மேயர் அங்கே போய்வந்தார். பிறகு பேச்சு மாறிவிட்டது. அமைதியைக் காக்க இந்த இடிபாடு தேவையில்லையாம்! அமெரிக்கா நெருக்கியதா என்பதற்கு ஆதாரம் இல்லை. நெருக்காமலே மாறினார் என்றால் அது இன்னும் மோசம் அல்லவா?

ஆயர் யமகுச்சி சொன்ன நியாயம் வேறு. முன்னோர் மிதிபட்ட மண் இது, இங்கேதான் கோயில் எழ வேண்டும் என்றார். இதை லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் அதே முன்னோரின் பேரப்பிள்ளைகள் எரிந்ததும் இந்த மண்ணில்தானே? பழைய வேதனைக்கு நினைவிடம் வேண்டும், புதியதற்கு வேண்டாமா? கோயிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தால் இரண்டுமே இருந்திருக்கும்.

1958 மார்ச்சில் இடித்தார்கள். ஒரு துண்டுச் சுவரை மட்டும் பெயர்த்து, குண்டு வெடித்த இடத்துப் பூங்காவில் நட்டு வைத்தார்கள். மறு வருடமே புதுக் கோயில் எழுந்தது. 1966-ல் ஹிரோஷிமா தன் குவிமாடத்தைக் காக்க முடிவு செய்தது. 1996-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

உரக்காமியில் குண்டு வீசிய அன்று ஒரு கோபுரத்தின் உச்சி உருண்டு, கீழே ஓடையில் விழுந்தது. எடை சுமார் 50 டன். அதைத் தூக்க முடியாமல் ஓடையின் போக்கையே மாற்றி விட்டார்கள். இன்றும் அங்கேயே கிடக்கிறது.