கைக்கெட்டிய சொல்லைக் கைவிடுவதோ?

மாந்தன் முன்கையில் எலும்புகள் இரண்டு. நெல்லை மருத்துவக் கல்லூரி பொருநை நாட்டில் 1965-இல் தோன்றியது. அங்குப் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றை 'ரேடியசு', 'அல்னா' என்றே உருப்போடுகின்றனர். தமிழ்ப்பெயர் வேண்டுமெனின், "அறிவியலைச் சொல்லத் தமிழுக்கு ஆற்றல் ஏது?" என்று உதடு பிதுக்குவோர் உளர். அக்கூற்றின் போலிமையைக் காண்போம்.

'ரேடியசு' என்னும் இலத்தீனச் சொல்லின் பொருள் யாது? வண்டியுருளையின் ஆரக்கால்! 'அல்னா' என்பதோ முழங்கை. அதன்வழி முழ அளவு. உரோமத் தச்சனும் துணி விற்போனும் வழங்கிய எளிய சொற்களே இன்று மருத்துவ மந்திரங்களாய் மதிக்கப்படுகின்றன. நெல்லைத் தச்சர்க்கு ஆரக்கால் தெரியாதா? பிச்சிப்பூ விற்கும் மூதாட்டி முழம் போடவில்லையா?

உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டிப் பின் கவிழ்த்துப் பார்க்க. கட்டைவிரற் பக்கத்தெலும்பு மற்றதன்மேற் குறுக்காகச் சுழலும், அஃது ஆரையெலும்பு. சிறுவிரற் பக்கத்தது முழங்கை மூட்டிற் கீல்போற் பற்றி நிற்கும், அது முழத்தெலும்பு. ஆரை மணிக்கட்டிற் பருத்துக் கையைத் தாங்குவது. கையூன்றி விழுவோர்க்குப் பெரும்பாலும் அங்கே அது முறிவதும் அதனாலேயே. இடமும் தொழிலும் பெயரிலேயே விளங்குமெனின், கற்போர்க்குச் சுமை ஏது?

இது கனவன்று, நடந்து காட்டிய செயல். 1847-இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்றுப் பெருநூல் 1872-இல் வெளிவந்தது. பெயரில் வடசொல் மிகுந்திருப்பினும், தமிழால் முடியும் என்னும் துணிவு அயலார்க்கு இருந்தது, தமிழர்க்கோ இல்லை!

ஈழத்துப் பாடநூல்கள் ஆரை, அரந்தி என்றே வழங்குகின்றன. அரந்தி வடசொற் சாயலது என்பார், முழத்தெலும்பு என்க. சொல் இல்லை என்பது மட்டும் பொய்.

கை முறிந்து வரும் உழவன் தன் கையில் எது முறிந்தது என்றறியாமலே கட்டுடன் திரும்புகிறான். அவன் உடல், அவன் எலும்பு. பெயர் மட்டும் அயலான் உடைமையோ? மருத்துவம் பயிலும் தமிழ் இளைஞர்களே! தேர்வுத்தாளில் எதை எழுதினும், நோயாளியிடம் தமிழிற் பேசுக. ஆரை முறிந்தது என்று அவன் கையைத் தொட்டுக் காட்டுக. தமிழ் மருத்துவம் அங்கே தொடங்கட்டும்!