பல் பிடுங்கிய குழியும் தாடையெலும்பும்

கடைவாய்ப்பல் நோவு கொடுத்தால் அதைப் பிடுங்கிவிட்டு மறந்துபோவதே நம் நாட்டு வழக்கம். பிடுங்கிய இடத்தில் எலும்பு தேயும் என்பதைப் பலர் அறியார். பின்பற்களைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் தாடைமேட்டின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி குறைகிறது. அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்கிறது. கன்னப்புற எலும்புச்சுவர் மெல்லியது. அதன் ஒரு பகுதி பல்வேரைப் பற்றிய நார்களைச் சார்ந்தே நிலைத்திருப்பதால், பல் போயின் அதுவும் போகிறது.

1952-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரானிமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்போடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துவிடுவதைக் கண்டார். 1965-இல் அவ்வுலோகத் திருகாணிகளை மனிதர் தாடையில் பொருத்தினார். குழி ஆறும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதே அக்கால முறை. பின்னர், பிடுங்கிய அன்றே திருகாணியை நாட்டும் முறை தோன்றியது. அது எலும்புத் தேய்வையும் தடுக்கும் என்ற நம்பிக்கை உடன் வளர்ந்தது. அரௌஜோ, லிண்டே முதலியோர் நாய்களில் நடத்தி 2005-இல் வெளியிட்ட சோதனை அந்நம்பிக்கையைக் குலைத்தது. திருகாணி இருந்தும் கன்னப்புறச் சுவர் தேய்ந்தே போயிற்று.

கடைவாயில் சிக்கல் இன்னும் மிகுதி. இரண்டு மூன்று வேர்கள் விட்டுச்சென்ற குழி திருகாணியைவிட அகன்றது. வேர்களுக்கிடையே உள்ள எலும்புத் தடுப்பு உடையாதிருந்தால் திருகாணி அதில் ஊன்றி நிற்கும். சுற்றிலும் எஞ்சும் இடைவெளியை எலும்புத் துகளாலோ பீங்கான் மணிகளாலோ நிரப்புவர். வேர்களைத் தனித்தனியே பிரித்து மெல்லக் கழற்றினால்தான் அத்தடுப்பு பிழைக்கும். பல் பிடுங்குவோருக்கு அவசரம் ஆகாது.

பீங்கான் மணிகளை அயல்நாட்டிலிருந்தே தருவிக்க வேண்டும் என்பதில்லை. எலும்பிலுள்ள ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் கால்சியப் பொருளைக்கொண்டு அத்தகைய பீங்கானைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனமே உருவாக்கியுள்ளது. ஆயினும் அதே மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால் அகத்தியகூட மலைச்சாரலிலுள்ள போனக்காட்டுத் தோட்ட லயங்களுக்கு அதன் பயன் எட்டுமா என்பதே கேள்வி. அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல் வைத்தியத்திற்கு மலையிறங்க வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலியின் இழப்பு.

ஆதலின் அன்றே நாட்டும் முறைதான் இவர்களுக்கு ஏற்றது எனச் சிலர் கூறலாம். அது பாதியளவே சரி. நாட்டியபின்னும் பலமுறை பரிசோதனைக்கு வர வேண்டும், புகைபிடித்தலும் கட்டுக்கடங்காத நீரிழிவும் திருகாணியின் பிடிப்பைக் கெடுக்கும், செலவும் பெரிது. குழியை நிரப்பி எலும்பைக் காக்கும் சிகிச்சையைப் பல் பிரிவுள்ள தாலுகா மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைக்கச் செய்வதே அரசினர் முதற்கண் மேற்கொள்ளத் தக்கது. தேய்வை அது முற்றிலும் தடுக்காது. எனினும் பெரிதும் குறைக்கும். திருகாணியை வசதி வரும்போது பொருத்தலாம்.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் இதனினும் முந்தியதொரு பணி உண்டு. ஆறாம் வயதில், பால்பற்களுக்குப் பின்னே, எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்றெண்ணிப் பெற்றோர் கைவிடுகின்றனர். அது நிலைப்பல், சொத்தையானால் மீண்டும் முளைக்காது. வளரும் தாடையில் திருகாணி நாட்டலாகாது. பன்னிரண்டு வயதில் அதை இழக்கும் சிறுவன் தாடை வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எலும்பு தேய்ந்துவிட்டிருக்கும்.