மரபும் கலப்பும்

கரையான் அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரத்தண்டே ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் வாழும் யோல்ங்கு மக்களின் ‘யிடாக்கி’. உலகம் இதனை டிஜெரிடூ என்றழைக்கும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒலி அறாமல் ஊதுவர். இத்தொல்கருவியை அயலிசையோடு கலத்தல் தகுமா?

1988இல் அந்நாட்டுப் பிரதமர் பாப் ஹாக், பழங்குடியினருடன் உடன்படிக்கை செய்வதாக வாக்களித்தார், அது நிறைவேறவில்லை. யோல்ங்கு கலைஞரும் வெள்ளையரும் இணைந்த ‘யோத்து யிண்டி’ குழு, 1991இல் யிடாக்கியையும் மின்கித்தாரையும் ஒருங்கே ஒலிக்கச் செய்து, ‘ட்ரீட்டி’ என்னும் பாடலால் அவ்வாக்கை நினைவூட்டியது. அங்கே கலப்பு மரபைக் குலைக்கவில்லை. அம்மக்களின் உரிமைக்குரலை உலகறியச் செய்தது.

கருவிக்கு உரியோரைக் கேளாது ஒலியை மட்டும் எடுத்தாள்வது களவேயாகும். உரியோர் முன்னின்று நிகழ்த்தும் கலப்பே மரபை வளர்க்கும்.