மழுங்கிய கத்திதான் கையைப் பதம் பார்க்கும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் ‘சாணை பிடிக்கிறதேய்...’ என்ற குரல் இப்போது ஆடிக்கொரு முறை, அமாவாசைக்கொரு முறைதான். அந்தக் குரல் மூன்றாவது மாடிக்கு எட்டி, கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் சைக்கிள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அப்புறம் மொன்னைக் கத்தியோடுதான் மல்லுக்கட்டு. தக்காளித் தோலில் வழுக்குகிறதே என்று அழுத்தினால், நேராக விரலில் இறங்கும்.

சாணைக்காரர் கிடைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறும். நீல நிறம் பாய்ந்துவிட்டால் எஃகு பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது. கை தேர்ந்தவர்கள் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுப்பது இதனால்தான்.

கையால் தீட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் இருக்கும் கார்போரண்டம் கல் கிடைக்கும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அதில் பாதி நம்முடையது! ‘குருந்தம்’ என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆனது. 1890-களில் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன், தான் உருவாக்கிய செயற்கைக் கல்லுக்கு அதோடு கார்பனையும் சேர்த்துப் பெயர் வைத்தார். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தது நம் ஊர்ப் பழைய வழக்கம்.

கல்லை நனைத்து, நகராமலிருக்க ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தியை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பாதி சாய்த்தால் 45 டிகிரி. அதிலும் பாதி சாய்த்து, இன்னும் துளி இறக்கினால் சுமார் 20. சமையல் கத்திக்கு அது போதும். சொரசொரப்பான பக்கத்தில், அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனிவரை தேயுங்கள். எத்தனை முறை என்று எண்ண வேண்டாம். மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். பிசிறைப் பார்க்க, கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாக விரலை எடுங்கள். விளிம்பின் நீளவாக்கில் ஓட்டவே கூடாது. பிறகு அடுத்த பக்கம். அதன்பின் நைஸான பக்கத்தில் அழுத்தாமல் மாற்றி மாற்றிச் சில இழுப்புகள். மிச்சப் பிசிறு, பீங்கான் கப்பின் அடியில் பளபளப்பில்லாத வளையத்தில் லேசாக இழுத்தால் போய்விடும்.

பாட்டி காலத்து அரிவாள்மனைக்கு முறை தலைகீழ். மனையை அசையாமல் வைத்து, கல்லை அலகிடம் கொண்டுபோக வேண்டும். வளைவில் சிறிது சிறிதாக, விரல்கள் விளிம்புக்கு அந்தப்பக்கம் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் வைத்த ரொட்டிக் கத்தியை மட்டும் இந்தக் கல்லில் வைக்காதீர்கள், பல் போய்விடும்.